நெஞ்செரிவு ஓபரேஷன் முடிந்து திருகோணமலைக்குத் திரும்பியவர்களுக்கு: முதல் ஆறு வாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

அமிலம் மேலே ஏறி நெஞ்செரியாமல் இருக்க, இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து, உணவுக்குழாயின் அடியைச் சுற்றிக் கட்டித் தைக்கும் ஓபரேஷன் செய்தவர்களுக்கும், அவர்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். முழுச் சுற்றாகக் கட்டினால் நிசன் என்பார்கள், முக்கால் சுற்றென்றால் டுப்பே. முழுச் சுற்றுக்காரருக்கு விழுங்குவதும் ஏவறை விடுவதும் ஆரம்பத்தில் கூடுதலாகக் கஷ்டப்படும். மற்றபடி வீட்டில் செய்ய வேண்டியவை ஒன்றுதான்.

எனக்கு நாலு வருடத்துக்கு முன் கொழும்பில் நடந்தது. அதற்குப் பிறகு மைத்துனருக்கு, கிண்ணியாவில் ஒரு நண்பருக்கு, எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவுக்கு. நாலு பேரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கினோம். எல்லோரும் காயத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். காயமோ நாலைந்து சின்னப் பொட்டு, அது தன்பாட்டில் ஆறிவிடும். உள்ளே போட்ட தையலைக் குலைப்பது சத்தி, அவசரச் சாப்பாடு, பாரம் தூக்குவது. கீழே உள்ள வரிசையும் அதை வைத்துத்தான்.

உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் தந்த தாளில் வேறு விதமாக இருந்தால், தாளில் உள்ளதையே செய்யுங்கள்.

1. ஓபரேஷனுக்குப் போக முதல் வீட்டில் வைத்துவிட வேண்டியவை

பிளெண்டர் ஒன்று, கண் சிறிய வடி ஒன்று, குழந்தைகளுக்குத் தீத்தும் சின்னக் கரண்டி இரண்டு. கரண்டி விஷயத்தைச் சிரிக்காமல் கேளுங்கள். பெரிய கரண்டி கையில் இருந்தால் வாய் பழைய அளவிலேயே அள்ளும். அளவைக் குறைக்க மனதைக் கட்டுப்படுத்துவதைவிடக் கரண்டியை மாற்றுவது லேசு.

தலையணை மூன்று. இரண்டு முதுகுக்கு, ஒன்று இருமும்போது வயிற்றோடு அணைத்துப் பிடிக்க. காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டரும் வேண்டும். "உடம்பு சுடுது" என்று போனில் சொன்னால் டொக்டர் எத்தனை என்றுதான் கேட்பார்.

சுகர், பிரஷர் குளிசை எடுப்பவர்கள் எல்லாக் குளிசைகளையும் பையில் போட்டுக்கொண்டு பாமசிக்குப் போய், எதைத் தூளாக்கலாம், எதைத் தூளாக்கக்கூடாது, எதற்குப் பாணி மருந்து இருக்கிறது என்று கேட்டு ஒவ்வொரு பெட்டியிலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாரங்களில் பெரிய குளிசை சிக்கும். அதற்காக எல்லாவற்றையும் அம்மியில் அரைத்துவிடவும் முடியாது. மெதுவாகக் கரையும்படி செய்த குளிசையைத் தூளாக்கினால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கும். அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற உறையுள்ள மருந்தையும் தூளாக்கக்கூடாது. உறை போனால் அமிலத்திலேயே அழிந்துபோகும்.

சிகரெட்டை விடுவதும் இருமலுக்கு வைத்தியம் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். தைத்த வயிற்றோடு விடாமல் இருமுவது என்னவென்று மைத்துனரைக் கேட்டால் சொல்வார்.

2. துண்டு வெட்டும் நாளும் வீட்டுக்கு வரும் பயணமும்

சிக்கல் இல்லாவிட்டால் ஒன்றிரண்டு நாளில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். அந்த அவசரத்தில்தான் கேட்க வேண்டியதை விட்டுவிடுவோம். வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் எந்த வகைக் கட்டு என்று எழுதியிருக்கிறதா, சத்திக்கு என்ன குளிசை, அமிலத்தைக் குறைக்கும் குளிசையை எப்போது நிறுத்துவது, கிளினிக் எப்போது, இரவில் யாருக்கு போன் எடுப்பது. ஐந்தையும் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் துண்டு தந்தபோது சத்திக் குளிசையைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பலனைக் கீழே சொல்கிறேன்.

கார்டைப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேருடைய போனில் வையுங்கள். ஓபரேஷன் செய்தவர் கொழும்பிலோ கண்டியிலோ இருப்பார். நடுச்சாமத்தில் திருகோணமலையில் உங்களைப் பார்க்கப்போகும் டொக்டருக்கு உள்ளே என்ன செய்திருக்கிறது என்று தெரிய வேறு வழியில்லை.

கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர், கண்டியிலிருந்து சுமார் 180. பகலில் வாருங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் றோட்டில் யானை நிற்கும். தையலோடு இருப்பவருக்கு யானையைவிடச் சடன் பிரேக் பொல்லாதது. முன்சீட்டில் இருந்து, பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் இடையில் மடித்த துவாய் ஒன்றை வையுங்கள். புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன் சத்திக் குளிசை. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். ஓபரேஷனுக்குப் பிறகு அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து உண்டு.

3. முதலில் சத்தியை மறிப்பது

ஓங்காளிக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென்று ஏறும். அந்த அழுத்தம் புதிதாகத் தைத்த கட்டை மேலே, நெஞ்சுக்குள் தள்ளக்கூடியது. கட்டு மேலே ஏறிவிட்டால் சிலவேளை திரும்ப ஓபரேஷன்தான். ஆகவே குமட்டல் லேசாகத் தொடங்கும்போதே மருந்தை எடுங்கள். "கொஞ்சம் பார்ப்பம்" என்று இருக்க வேண்டாம். நாக்கில் வைத்தால் கரையும் ஒன்டன்செட்ரோன் குளிசை உண்டு, விழுங்கும் சிரமம் இல்லை. டொக்டரிடம் எழுதி வாங்கிக் கட்டில் பக்கத்தில் வையுங்கள்.

நான் கேட்காமல் வந்தேன் அல்லவா? ஆறாம் நாள் பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்த மணம். வழக்கமாக நாக்கு ஊறும் எனக்கு அன்று குடலைப் பிரட்டியது. குளிசை தேடி மனைவி ஓட்டோவில் போய் வருவதற்குள் மூன்று தரம் ஓங்காளித்துவிட்டேன். கட்டு தப்பியது. ஆனால் அது தெரிந்தது கிளினிக்கில் படம் எடுத்த பிறகுதான். அந்தப் பத்து நாளும் நித்திரை இல்லை.

குமட்டலைக் கூட்டுபவை: வெறும் வயிற்றில் நோக் குளிசை, முக்கியமாக ட்ரமடோல் வகை; மலச்சிக்கல்; ஒரேயடியாகக் குடிப்பது. நோவுக்குப் பெரும்பாலும் பரசிட்டமோல் போதும். மலச்சிக்கலுக்குப் பப்பாசியை மசித்துக் கொடுங்கள், அசையாவிட்டால் லக்டுலோஸ் பாணி. முக்குவதும் ஓங்காளிப்பதைப் போல அழுத்தத்தை ஏற்றுகிற வேலைதான்.

ஒருமுறை ஓங்காளித்துவிட்டால் தலை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பிறகு புதிதாக நெஞ்சு நோவோ விழுங்க முடியாமையோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த நாள் போன் எடுத்துச் சொன்னால் போதும்.

4. சாப்பாடு: தண்ணி, கூழ், குழையல், பிறகு சோறு

கட்டின இடம் முதல் வாரங்களில் வீங்கியிருக்கும். தண்ணி போகும் வழியில் சோறு போகாது. வீக்கம் வடிய வடிய வழி திறக்கும். சாப்பாட்டைப் படிப்படியாக ஏற்றுவது இதனால்தான். சத்துக் கணக்குக்காக இல்லை. சில நாளில் வீக்கம் கூடி, நேற்றுப் போனது இன்று போகாது. அப்படியானால் ஒரு படி கீழே இறங்கி இரண்டு நாள் நில்லுங்கள்.

முதல் வாரம் தண்ணிச் சாப்பாடு: வடித்த மரக்கறி சூப், மீன் அவித்த தண்ணி, சவ்வரிசிக் கஞ்சி, இளநீர், தண்ணியாகக் கரைத்த தயிர். ஒரு தரத்துக்கு அரைக் கோப்பை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கடும் குளிர் வேண்டாம், உணவுக்குழாய் சுருங்கி இழுக்கும். இளஞ்சூடுதான் நல்லது.

இரண்டாம் வாரத்திலிருந்து பிளெண்டர். பருப்பும் பூசணியும் அவித்து அடித்தது, குழைந்த சோற்றைச் சொதியோடு அடித்தது, முள் எடுத்த மீன். இதில் எல்லோரும் விடும் பிழை கட்டியாக அடிப்பது. கரண்டியைச் சரித்தால் தானாக வழிய வேண்டும். வழியாவிட்டால் சொதி போதாது.

மூன்றாம், நாலாம் வாரத்தில் குழையல்: கரண்டியால் மசியும் எதுவும். சொதியில் பத்து நிமிடம் ஊறிய இடியப்பம், கட்டியாகாத முட்டை, மசித்த உருளைக்கிழங்கு, எருமைத் தயிர். ஆறாம் வாரத்தில் பெரும்பாலானோர் வழக்கச் சாப்பாட்டுக்குக் கிட்ட வந்துவிடுவார்கள்.

கடைசியாக வர வேண்டியவை நம் ஊரில் முதலில் வருபவை. பாண் மெதுமெதுவென்று இருக்கிறதே, நோயாளிச் சாப்பாடுதானே என்று நினைப்பார்கள். மென்றால் அது பந்தாகும், எச்சிலில் ஊதும், கட்டின இடத்தில் போய்க் குந்திக்கொள்ளும். மொறுமொறுப்பாக வாட்டிய பாண் அதைவிட நல்லது, துகளாகி இறங்கும். பிட்டு காய்ந்த மணலைப் போல அடையும். ரொட்டி, கொத்து, மாட்டிறைச்சி, கோழி நெஞ்சு எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு. கணவாய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடற்கரை ஊரில் நோயாளியைப் பார்க்க வருபவர் கையில் கணவாய்க் கறி இருக்கும், அதுவும் றப்பர் மாதிரி. அன்புக்கு நன்றி சொல்லி வீட்டுக்காரரைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

பார்க்க வருபவர் கொண்டுவரும் இன்னொன்று குளுக்கோஸ், மோல்ட். சிலருக்கு ஓபரேஷனுக்குப் பிறகு இனிப்பு இரைப்பையில் நிற்காமல் ஓடிவிடும். குடித்துப் பதினைந்து, இருபது நிமிடத்தில் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பிறகு வயிற்றோட்டம். அக்காவுக்கு இதுதான் நடந்தது. சீனி கூடிய பிளேன்டீயை நிறுத்தியதும் இரண்டு நாளில் அடங்கியது. சுகர் உள்ளவர்கள் சாப்பாடு குறைந்த நாளில் பழைய அளவு மருந்தை எடுத்தால் சீனி இறங்கிவிடும். அளவை டொக்டரிடம் முன்னமே கேட்டு வையுங்கள்.

எப்படிச் சாப்பிடுவது என்பது என்ன சாப்பிடுவது என்பதை விட முக்கியம். நிமிர்ந்து இருந்து, ஒரு வாய் வைத்துக் கரண்டியைக் கீழே வைத்து, இறங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாய். ஒரு தரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தால் சரி. தண்ணியைச் சாப்பாட்டோடு மடக்மடக்கென்று ஊற்றாமல் இடையிடையே குடியுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வியர்வையிலேயே தண்ணி போய்விடும். ஒரு போத்தலைப் பக்கத்தில் வைத்து மிடறு மிடறாக நாளுக்கு ஒன்றரை லீற்றர் ஆவது இறங்க வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளானால் போதவில்லை என்று அர்த்தம்.

நோன்பு மாதத்தில் கிண்ணியா நண்பருக்கு வந்த சிக்கல் வேறு. ஓபரேஷன் முடிந்து மூன்று மாதம், டொக்டர் நோன்பு பிடிக்கலாம் என்று விட்டார். நோன்புக் கஞ்சி அருமையான சாப்பாடுதான். ஆனால் பகல் முழுக்கக் காத்திருந்த பசியில் இரண்டு கோப்பையை ஒரு நிமிடத்தில் இறக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். இப்போது பேரீச்சம்பழத்தை மசித்து, அரைக் கோப்பைக் கஞ்சியோடு தொழப் போய், வந்து மிச்சத்தைக் குடிக்கிறார்.

5. சிக்கிவிட்டால்

இது ஒருமுறையாவது நடக்கும். எனக்கு இடியப்பத்தின் காய்ந்த நுனி. நெஞ்சுக்குழியில் விரலால் அழுத்துகிற மாதிரி ஒரு நோ. பிறகு வாய் முழுக்க நுரை நுரையாக எச்சில், விழுங்கினால் திரும்பி வருகிறது. மகள் தண்ணியை நீட்டினாள். அதுதான் முதல் பிழை.

அடைத்த குழாயில் தண்ணி ஊற்றினால் அது மேலேதான் வரும், கூடவே ஓங்காளத்தையும் கொண்டுவரும். விரலை விட்டுச் சத்தி எடுப்பது அதைவிடப் பிழை. காரணம் மூன்றாம் பகுதியில். சோற்று உருண்டையை விழுங்கித் தள்ளுவது மீன்முள்ளுக்குச் சொல்லும் பாட்டி வைத்தியம். இங்கே அது அடைப்பின் மேல் அடைப்பு.

செய்ய வேண்டியது இது. சாப்பாட்டை நிறுத்துங்கள். எழும்புங்கள். எச்சிலைக் கிண்ணத்தில் துப்புங்கள், விழுங்க வேண்டாம். முற்றத்தில் மெதுவாக நடந்து மூச்சை நீட்டி விடுங்கள். பயந்தால் குழாய் இன்னும் இறுகும். எச்சில் தானாக இறங்கத் தொடங்கினால் ஒரு கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணி. எனக்கு நாற்பது நிமிடம் எடுத்தது. டக்கென்று இறங்கியது நன்றாகத் தெரிந்தது. அன்று முழுக்கத் தண்ணிச் சாப்பாடு மட்டும்.

இரண்டு மணித்தியாலம் ஆகியும் எச்சில்கூட இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி. நோ கடுமையாக இருந்தாலோ மூச்சு முட்டினாலோ இரண்டு மணித்தியாலமும் பார்க்க வேண்டாம்.

6. வாய்வு

கட்டின இடம் இப்போது ஒரு வால்வு மாதிரி. அமிலத்தை மேலே விடாது, காற்றையும் விடாது. ஏவறை வராமல் வயிறு முரசு மாதிரி நிற்கும். நம் ஊர் வைத்தியம் என்ன? சோடா, ஜிஞ்சர் பியர், ஈனோ. மூன்றும் வயிற்றுக்குள் காற்றை உண்டாக்கி, அதை ஏவறையாக வெளியே தள்ளுபவை. ஏவறை வராதவருக்கு அந்தக் காற்று எங்கே போகும்? மைத்துனருக்கு ஜிஞ்சர் பியர் கொடுத்தவர் வேறு யாருமில்லை, என் மாமியார். "தம்பி, இதைக் குடியும், உடனே கலைச்சு விடும்" என்றார். இரவு முழுக்க மைத்துனர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காற்று உள்ளே போவதைக் குறைப்பதுதான் வழி. ஸ்ட்ரோ, சூயிங்கம், வாய் நிறையப் பேசிக்கொண்டே சாப்பிடுவது, வெற்றிலை எல்லாவற்றையும் விடுங்கள். கடலை, பயறு, கோவா, மரவள்ளி சில வாரம் வேண்டாம். கரைத்துக் குடிக்கும் பரசிட்டமோலை நுரை முழுக்க அடங்கிய பிறகே குடியுங்கள். வாய்வுக்கு எடுக்கும் சிமெத்திக்கோன் மருந்து சிலருக்கு உதவும். எல்லாவற்றையும்விட நடை உதவும், காற்றைக் கீழே தள்ளும். ஆம், கீழே கூடுதலாகப் போகும். வீட்டில் முன்னமே சொல்லி வைத்தால் வெட்கம் மிச்சம்.

வயிறு இறுகி ஊதி, நோவோடு ஓங்காளித்தும் ஒன்றும் வராவிட்டால் அது வாய்வுக் கணக்கில் சேராது. இரைப்பை விரிந்திருக்கலாம், உடனே போங்கள். அங்கே மூக்கால் குழாய் விடப்போனால், இந்த ஓபரேஷன் செய்திருக்கிறது என்று நர்ஸ் மிஸ்ஸிடமும் டொக்டரிடமும் முதலில் சொல்லுங்கள். புதிய கட்டுக்குள் குழாயைக் கவனமாக விட வேண்டும்.

7. நடை, பாரம், குளிப்பு

வந்த நாளிலிருந்தே நடக்கலாம். நான் இரண்டாம் வாரத்தில் பின்னேரங்களில் கோட்டைக்குள் மான்கள் மேயும் பக்கம் மெதுவாக நடந்தேன். கோணேசர் கோவில் ஏற்றம் நாலாம் வாரம்.

பாரம் ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது. ஐந்து கிலோ என்றால் ஒரு சின்ன அரிசிப் பை. கிணற்றில் வாளி இழுப்பது, காஸ் சிலிண்டர், பேரப்பிள்ளையைத் தூக்குவது எல்லாம் அதற்கு மேலே. சாப்பிட்டவுடன் குனிய வேண்டாம். நண்பர் முதல் வாரங்களில் கதிரையில் இருந்து தொழுதார்.

காயத்தில் சவர்க்காரத் தண்ணி படலாம், ஒற்றித் துடைத்தால் போதும். கடல், குளம், கன்னியா வெந்நீர்க் கிணறு எல்லாம் காயம் முழுதாக மூடிய பிறகு.

தோள்மூட்டு நோவைப் பற்றி ஒரு வார்த்தை. ஓபரேஷனுக்கு வயிற்றை ஊதவைத்த வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையை உறுத்தும். அதன் நரம்பு தோளில் நோவைக் காட்டும். சில நாளில் போய்விடும். கூடவே காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வியர்வையோ இருந்தால் கதை வேறு.

8. காத்திருக்கக் கூடாத அடையாளங்கள்

திடீரென்று நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ வரும் கடும் நோ. 38 பாகைக்கு மேல் காய்ச்சல். மூச்சு வாங்குவது. ஓய்ந்திருக்கும்போதும் நெஞ்சு படபடவென்று அடிப்பது. இரத்தச் சத்தி, தார் மாதிரிக் கறுத்த மலம். தண்ணியும் இறங்காமை. ஒரு கால் மட்டும் வீங்கி நோவது. காயம் சிவந்து சூடாகிச் சீழ் வருவது.

இவற்றில் காயத்தைத் தவிர எதுவும் விடியும்வரை பொறுக்காது. உள்ளே எங்காவது கசிவோ, கட்டு நகர்ந்ததோ, நுரையீரலில் இரத்தக் கட்டியோ இருக்கலாம். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கொழும்பு டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போவோம் என்று நிற்காமல், முதலில் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கோ கிட்டவுள்ள ஆஸ்பத்திரிக்கோ போங்கள். போகும் வழியில் போன் எடுக்கலாம்.

9. ஆறு வாரத்துக்குப் பிறகு

சில கிலோ குறைந்திருப்பீர்கள், அது வழக்கம். சாப்பாடு கூடியும் நிறை குறைந்துகொண்டே போனால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

விழுங்கும் சிரமம் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதத்தில் தீரும். மூன்று மாதம் தாண்டியும் நின்றால் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுப்பார்கள், கமரா குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி பார்ப்பார்கள். கட்டு இறுக்கமாக இருந்தால் பலூன் விட்டு விரிக்கலாம். அக்காவுக்கு ஒருமுறை விரித்ததோடு சரி வந்தது. அவர் ஐந்து மாதம் யாருக்கும் சொல்லாமல் கஞ்சியிலேயே ஓட்டியதுதான் வருத்தம்.

நெஞ்செரிவு திரும்பி வந்தமாதிரி இருந்தால் பழைய ஒமிப்ரசோல் பெட்டியைத் தேடாதீர்கள். வருடக்கணக்கில் எடுத்த குளிசையை நிறுத்தியதும் சில வாரம் அமிலம் கூடுதலாகச் சுரப்பது உண்டு. அதையும் தாண்டி நின்றால் அமில அளவைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஓபரேஷனுக்குப் பிறகு எரிகிறது என்று வருபவர்களில் பலருக்குச் சோதனையில் அமிலம் மேலே வருவதே இல்லை. அவர்களுக்குக் காரணம் வேறு, மருந்தும் வேறு.

கார்டின் பிரதி ஒன்றைப் பேர்ஸில் வைத்திருங்கள். வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், சத்தியை உடனே மறிக்கச் சொல்லவும் மூக்குக் குழாயைக் கவனமாக விடச் சொல்லவும் அந்தத் தாள்தான் உதவும். என்னுடையது மடிப்பில் கிழிந்து, இப்போது மூன்றாவது பிரதி.